இயற்கைப் பண்ணைக்குப் போனோம்: கொண்டுவர வேண்டியதும் விட்டுவர வேண்டியதும்



சில காலமாகக் கிளினிக்குக்கு வருகிறவர்கள் என்னிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். "டிரசர் ஐயா, மருந்தே அடிக்காத இயற்கைப் பண்ணைனு இருக்காமே. அங்க ரெண்டு மூணு நாள் தங்கி, அவங்க குடுக்கிற சாறு குடிச்சா இனிப்பு நீர் இறங்கிடுமாமே, நெசமா?" பால்மரம் வெட்டுகிறவரும் கேட்கிறார், செம்பனைக் குலை அறுக்கிறவரும் கேட்கிறார். ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கும் பாட்டியும் கைத்தொலைபேசியில் வந்த படத்தைக் காட்டிக் கேட்கிறார்.

இதற்கு உட்கார்ந்த இடத்திலிருந்து பதில் சொல்வதைவிட, நேரில் பார்த்துவிட்டுச் சொல்வது நல்லது அல்லவா? 2025ஆம் ஆண்டில் எங்கள் வட்டாரச் சங்கக் கிளையின் மாதர் பிரிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து, பகாங் மாநிலத்தில் பெந்தோங் பக்கம் உள்ள ஒரு பண்ணைக்கு 38 பேரைக் கூட்டிச் சென்றது. முதலுதவிப் பெட்டியோடு நானும் போனேன். அங்கே பார்த்தவற்றில் நம் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியவை நிறைய உண்டு. விட்டுவிட்டு வர வேண்டியவையும் சில உண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்லவே இந்தக் கட்டுரை.

பண்ணையும் குடும்பமும்

காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா மேட்டைத் தாண்டி இறங்கினால் காற்றே மாறிவிடும். பெந்தோங் என்றால் இஞ்சிக்குப் பேர் போன ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். நாங்கள் போன பண்ணை மலைச்சரிவில் ஏழு ஏக்கர். நடத்துவது ஒரு சீனக் குடும்பம். தகப்பனார், தாயார், இரண்டு மகன்கள், ஒரு மருமகள், ஒரு மகள். தகப்பனாரும் மூத்தவனும் மண் வேலை. இளையவன் லாரி ஓட்டிக் காய்கறி கொண்டுபோய்க் கொடுக்கிறான். தாயாரும் மருமகளும் சமையல். மகள் விருந்தாளிகளைக் கவனிக்கிறார். கூலிக்கு நான்கு பேர் இருக்கிறார்கள்.

மலையடியில் ஆறு பலகை வீடுகள் கட்டி, கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வருகிறவர்களைத் தங்க வைக்கிறார்கள். கைத்தொலைபேசியை வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுகிறார்கள். காலையில் மூச்சுப் பயிற்சி, பிறகு கொஞ்சம் களை பிடுங்குதல், கீரை சாதம், இரவு ஒன்பது மணிக்கு விளக்கு அணைப்பு. இதற்கு ஓர் இரவுக்கு ஒருவருக்கு 280 வெள்ளி. நம் நாட்டில் 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலை செய்கிறவருக்கு நாள் கணக்கில் 65 வெள்ளி 38 சென். ஆக, ஓர் இரவு அங்கே படுத்து எழுந்தால் நான்கு நாள் கூலி போய், மேலே சில்லறையும் போகும். நாங்கள் தங்கவில்லை. பகல் சாப்பாட்டோடு தலைக்கு 35 வெள்ளி கொடுத்து மாலையில் திரும்பிவிட்டோம்.

'ஆர்கானிக்' என்று சொல்கிறார்களே, அதற்குப் பொருள் என்ன? செயற்கை உரம், செயற்கைப் பூச்சி மருந்து, களைக்கொல்லி எதுவும் போடாமல் பயிர் செய்வதுதான். நம் நாட்டில் விவசாய இலாகா இதைப் பரிசோதித்து 'மைஆர்கானிக்' என்ற சான்றிதழ் கொடுக்கிறது. அந்தப் பண்ணையின் அலுவலகச் சுவரில் அதை மாட்டியிருந்தார்கள். பசாரில் யாராவது காகிதத்தில் ஆர்கானிக் என்று எழுதி ஒட்டி இரண்டு மடங்கு விலை சொன்னால், "சான்றிதழ் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இருந்தால் காட்டுவார்கள்.

அந்தப் பெரியவர் மலாயில் பேசினார். நம் பாஷையில் சொன்னால் இப்படி வரும்: "இருபது வருஷம் நானும் மருந்தடிச்சு காய்கறி போட்டவன்தான். விக்கிறதுக்கு ஒரு பாத்தி, வீட்டுக்கு ஒரு பாத்தி. வீட்டுப் பாத்திக்கு மட்டும் மருந்து அடிக்க மாட்டோம். ஒரு நாள் என் சம்சாரம் கேட்டுட்டா, நம்ம புள்ளைக்குக் குடுக்காததை ஊரான் புள்ளைக்கு எப்படிக் குடுக்கிறீங்கன்னு. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல." அதன் பிறகு மூன்று வருஷம் நஷ்டம், நிலத்தைக்கூட அடகு வைத்தோம் என்றார். எங்கள் கூட்டத்துப் பெண்கள் இதைக் கேட்டுச் சற்று நேரம் பேசவில்லை. அவர்களில் ஒன்பது பேர் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை பார்த்தவர்கள்.

மண்ணுக்குச் சோறு

முதலில் எங்களுக்குக் காட்டியது எருக்கிடங்கு. காய்ந்த இலை, புல், சமையல்கட்டுக் கழிவு, கோழிச் சாணம், செம்பனை ஆலையிலிருந்து வாங்கி வந்த வெறுங்குலை எல்லாவற்றையும் அடுக்கடுக்காகப் போட்டு மூடியிருக்கிறார்கள். மகன் ஒரு கம்பியைச் செருகி இழுத்துத் தொடச் சொன்னான். கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. நல்ல எருக்குவியல் உள்ளே 55 பாகைக்கு மேல் சூடேறும். சில நாள் அந்தச் சூட்டில் இருந்தால் புழு முட்டையும் கிருமியும் களை விதையும் சாகும். அதற்காகத்தான் குவியலைக் கிளறிக் கிளறி வெளிப்பக்கத்தை உள்ளே தள்ளுகிறார்கள்.

இங்கே உடல்நலச் சங்கதி ஒன்று இருக்கிறது. நம் வீடுகளில் சிலர் பச்சைக் கோழிச் சாணத்தை அள்ளி நேரே கீரைப் பாத்தியில் போடுகிறார்கள். அது இயற்கைதான். ஆனால் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமியும் அதில் இயற்கையாகவே இருக்கிறது. மக்காத சாணத்தைப் பறித்துத் தின்னும் கீரைக்குப் போடாதீர்கள். இயற்கை என்ற ஒரு சொல்லை வைத்து எதையும் நல்லது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பூச்சிக்கு என்ன செய்கிறார்கள்?

ஒரே பயிரைப் பெரும் பரப்பில் போடுவதில்லை. கீரைக்கு அடுத்து வெங்காயத்தாள், அதற்கடுத்து பயத்தங்காய், நடுவில் துளசியும் செரையும். ஒரு பூச்சி ஒரு பாத்தியைத் தின்றாலும் அடுத்த பாத்தி அதற்கு ஆகாது. வலை கட்டுகிறார்கள். மஞ்சள் அட்டையில் பசை தடவி மாட்டுகிறார்கள். மிஞ்சினால் வேப்பெண்ணெய்க் கரைசல். ஒரே நிலத்தில் இஞ்சியைத் திரும்பத் திரும்பப் போட்டால் அழுகல் நோய் வரும் என்பதால், இஞ்சி எடுத்த நிலத்தைப் பல வருஷம் வேறு பயிருக்கு விடுகிறார்கள்.

"இதெல்லாம் சின்னப் பண்ணைக்குச் சரி, ஆயிரக்கணக்கான ஏக்கர் தோட்டத்துக்கு நடக்குமா?" என்று எங்கள் மண்டோர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நம் தோட்டத்திலேயே இந்த முறைகள் பாதி இருக்கின்றன. எலியைப் பிடிக்கச் செம்பனைக் காட்டில் ஆந்தைப் பெட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரோட்டோரத்தில் வரிசையாக நட்டிருக்கும் வெள்ளை, மஞ்சள் பூச்செடி அழகுக்காக நட்டது என்று நினைத்தீர்களா? மட்டையைத் தின்னும் கூட்டுப் புழுவைக் கொல்லும் குளவிக்கு அந்தப் பூவின் தேன்தான் ஆகாரம். செம்பனைப் பூவில் மகரந்தம் சேர்க்கும் சின்ன வண்டை 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். அதற்கு முன் ஆட்களை வைத்துக் கையால் மகரந்தம் தூவ வேண்டியிருந்தது. ஆகவே, மருந்தைக் குறைக்க முடியும் என்பது தோட்ட நிர்வாகத்துக்குத் தெரியாத புதுச் சங்கதி ஒன்றும் இல்லை. மருந்தைக் குறைத்தால் மருந்தடிக்கிறவர் உடம்பும் தப்பும். சங்கக் கூட்டத்தில் இதையும் கேளுங்கள்.

அங்கே ஓர் அக்காவைப் பார்த்தோம்

கூலி ஆட்கள் நால்வரில் ஒருவர் நம் தமிழ்ப் பெண். வயது ஐம்பத்து மூன்று. ஒரு தோட்டத்தில் 18 வருஷம் முதுகில் பம்பு மாட்டி மருந்தடித்தவர். தோட்டம் விற்கப்பட்டு வீட்டுமனை ஆனபின் இங்கே வந்திருக்கிறார். என் முதலுதவிப் பெட்டியைப் பார்த்துவிட்டு அவராகவே வந்து பேசினார்.

"அப்ப எல்லாம் நகம் கருத்துப்போயி கழண்டு விழும்யா. மூக்குல ரத்தம் வரும். பம்பு ஒழுகி முதுகு வெந்துபோகும். கிராணிகிட்ட சொன்னா, துணியை மடிச்சு வெச்சுக்கம்மானு சொல்வாரு. இங்க புல்லு கையால புடுங்குறேன். இடுப்பு நோகுது, நோகலனு சொல்ல மாட்டேன். ஆனா வீட்டுக்குப் போனா சோறு எறங்குது."

அவர் சொன்ன நகமும் மூக்கு ரத்தமும் பாராகுவாட் என்ற களைக்கொல்லி செய்த வேலை. 'கிராமொக்சோன்' என்று நாம் சொன்னது இதைத்தான். உள்ளே போனால் நுரையீரலைத் தழும்பாக்கிவிடும். மாற்று மருந்து கிடையாது. புண் பட்ட தோல் வழியாகவும் உடம்புக்குள் இறங்கும். 2002இல் இதைப் படிப்படியாக நிறுத்துவது என்று நம் அரசாங்கம் முடிவு செய்தது. 2006இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. கடைசியில் 2020 ஜனவரி 1ஆம் தேதிதான் முழுத் தடை வந்தது. இடையில் போன 17 வருஷத்தில் எத்தனை பெண்கள் இதைச் சுமந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

தடை வந்துவிட்டதால் கவலை தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். பழைய கேன் எங்காவது ஸ்டோரில் கிடந்தால் தொடாதீர்கள், சங்கத்துக்குச் சொல்லுங்கள். இப்போது அதிகம் அடிக்கப்படும் கிளைபோசேட்டைப் பற்றி அறிஞர்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015இல் இது புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வகையில் சேர்த்தது. அமெரிக்க, ஐரோப்பிய அரசாங்க அமைப்புகள் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் வாதம் முடியும்வரை நாம் செய்ய வேண்டியது, அது நம் உடம்பில் படாமல் பார்த்துக்கொள்வது.

மருந்தடிக்கும் வேலையில் உள்ளவர்கள் இதை வெட்டிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்:

1. கையுறை, முகமூடி, கண்ணாடி, பூட்ஸ், முன்தடுப்பு இல்லாமல் மருந்தைத் தொடாதீர்கள். கால்சட்டையைப் பூட்ஸுக்கு வெளியே விடுங்கள். உள்ளே விட்டால் மருந்து வழிந்து காலில் தங்கும்.

2. ஒழுகும் பம்பைத் திருப்பிக் கொடுங்கள். அடைத்த மூக்குக் குழாயை வாயால் ஊதாதீர்கள்.

3. காற்றுக்கு எதிரே அடிக்காதீர்கள். கலக்கும்போதுதான் ஆபத்து அதிகம், அப்போது கண்ணாடி கட்டாயம்.

4. கைகழுவாமல் வெற்றிலை, சிகரெட், சாப்பாடு எதுவும் வேண்டாம்.

5. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்த பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். வேலைத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

6. கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிக்கொண்டே இருங்கள். விழுங்கிவிட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. மருந்துக் கேனின் லேபிளையும் கையோடு கொண்டுபோங்கள்.

7. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் வேறு வேலை கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம், என்னிடம் வந்தால் கடிதம் எழுதித் தருகிறேன்.

இவை நீங்கள் கெஞ்சிக் கேட்க வேண்டிய சலுகைகள் இல்லை. ரசாயனத்தின் அபாயத்தை மதிப்பிடுவதும், பயிற்சி கொடுப்பதும், பாதுகாப்புச் சாமான் கொடுப்பதும் முதலாளியின் கடமை என்று 2000ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் செய்த திருத்தம் 2024 ஜூன் 1இல் அமலுக்கு வந்தது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ள அதன்படி உரிமை உண்டு. வேலையால் வந்த வியாதிக்குப் பெர்கேசோவில் கோரிக்கை வைக்கலாம். அதற்குத் தேதி போட்ட கிளினிக் பதிவு வேண்டும். ஆகவே தோல் வெந்தாலும் தலை சுற்றினாலும் "போகட்டும்" என்று வீட்டில் படுக்காமல் வந்து பதிவு செய்யுங்கள். இப்போது மருந்தடிப்பில் வங்காளதேச, இந்தோனேசியத் தம்பிகளும் இருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு நீங்கள் வாயால் எடுத்துச் சொல்லுங்கள்.

பகல் சாப்பாடு

பகலில் தாயாரும் மருமகளும் பரிமாறினார்கள். ஒரு கை அளவு சோறு. ஒரு துண்டு மீன், கொஞ்சம் தாஹூ. தட்டில் பாதிக்குக் கங்கோங், கீரை, வெண்டை, பயத்தங்காய். எங்கள் ஆட்களுக்கு முதலில் முகம் சுருங்கியது. "என்னாங்க இது, ஆட்டுக்குப் போட்ட மாதிரி!" என்று ஒருவர் சிரிக்க வைத்தார். ஆனாலும் தட்டுக் காலியானது. அப்போது பறித்த கீரைக்கு மசாலா அதிகம் தேவைப்படவில்லை.

இந்தத் தட்டுதான் அந்தப் பண்ணையின் உண்மையான வைத்தியம். நம் சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செபாரோ' என்று சொல்வதும் இதேதான். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது கோழி அல்லது பருப்பு, பாதி காய்கறியும் பழமும். 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 100க்கு 95 பேர் போதிய காய்கறி, பழம் சாப்பிடவில்லை என்று தெரிந்தது. அதே ஆய்வில் 100க்கு 18 பேருக்கு இனிப்பு நீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31 பேர். மூன்றில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். நம் தட்டைப் பார்த்தால் காரணத்தில் ஒரு பங்கு தெரியும். மலைபோல் சோறு, ஓரத்தில் ஒட்டினாற்போல் கீரை, பக்கத்தில் சீனி போட்ட தே.

இரவு ஒன்பதுக்குப் படுப்பதும், நேரத்துக்குச் சாப்பிடுவதும், கைத்தொலைபேசியைத் தள்ளி வைப்பதும் நல்ல பழக்கமே. விடியற்காலைப் பெரட்டுக்குப் போகிறவருக்கு இது மற்றவரைவிட அதிகம் தேவை.

பதினொரு மணிக்கு நடந்தது

இனி விட்டுவர வேண்டியதைச் சொல்கிறேன்.

சாப்பாட்டுக்கு முன்னால், பதினொரு மணி அளவில் எருக்கிடங்கிலிருந்து மேலே ஏறும்போது எங்களோடு வந்த ஓர் அண்ணன் வழியில் உட்கார்ந்துவிட்டார். சட்டை முழுக்க வேர்வை, கை நடுக்கம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில். வெயில் என்றார்கள் சிலர். விரல் குத்திப் பார்த்தேன், 2.9 காட்டியது. 4க்குக் கீழே போனாலே குறைவு. அரைக் கிளாஸ் தண்ணீரில் மூன்று தேக்கரண்டி சீனி கரைத்துக் கொடுத்தோம். பதினைந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 4.6. உடனே பிஸ்கட்டும் பிறகு சோறும் கொடுத்தபின் எழுந்து நடந்தார்.

என்ன நடந்தது? இனிப்பு நீருக்கு அவர் கிளிக்லாசைட் மாத்திரை சாப்பிடுகிறவர். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். ஆனால் பசியாறவில்லை. "வயித்தக் காலியா வெச்சாத்தான் சாறு புடிக்கும்னு சொன்னாங்க" என்றார். பண்ணையில் கொடுத்த பாகற்காய்ச் சாறு ஒரு கிளாஸ் மட்டும் குடித்துவிட்டு மலை ஏறியிருக்கிறார். பாகற்காய் சர்க்கரையைக் கொஞ்சம் குறைக்கும். மாத்திரையும் குறைக்கும். ஏற்றமும் குறைக்கும். உள்ளே சோறு இல்லை. அவர் மட்டும் தனியாகப் பலகை வீட்டில் கதவைப் பூட்டிப் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அந்த வீட்டு மகள் பதறிப்போனார். நல்ல மனசு உள்ள குடும்பம். என்னிடம் விவரம் கேட்டு, "மருந்து சாப்பிடுகிறவர்கள் சாறு குடிக்கும் முன் எங்களிடம் சொல்லுங்கள்" என்று மலாயில் எழுதி அப்போதே சாறு மேசையில் வைத்தார். எல்லா இடத்திலும் அப்படி வைப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆகவே நாம்தான் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இன்சுலின் போடுகிறவர்களும், கிளிக்லாசைட் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் பட்டினி வைத்தியமோ சாறு வைத்தியமோ செய்யக் கூடாது. அதேபோல, சாறு குடிக்கிறோம் என்று மாத்திரையை நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் முதல் வாரம் ஒன்றும் தெரியாது. சில வருஷம் கழித்துக் கண்ணிலும் கிட்னியிலும் காலிலும் தெரியும்.

கிட்னி பழுதானவர்களுக்கு இன்னும் கடுமையாகச் சொல்கிறேன். பிளிம்பிங் பழமும் அதன் சாறும் தொடவே வேண்டாம். அதில் உள்ள ஒரு நஞ்சை நல்ல கிட்னி வெளியே தள்ளிவிடும். பழுதான கிட்னி தள்ளாது. அது மூளைக்கு ஏறி நிற்காத விக்கல், தடுமாற்றம், வலிப்பு, மரணம் வரை போயிருக்கிறது. மெங்குடு சாற்றில் பொட்டாசியம் அதிகம். அதுவும் கிட்னிக்காரர்களுக்கு இருதயத்தைப் பாதிக்கும்.

"உடம்பிலுள்ள விஷத்தைக் கழுவும் சாறு" என்று விலை போட்டு விற்கிறார்கள். உடம்புக்குள் கழுவும் வேலையை ஈரலும் கிட்னியும் இரவு பகலாகச் செய்கின்றன. அவற்றுக்கு நாம் செய்யக்கூடிய உதவி, சாராயத்தையும் தேவையில்லாத வலி மாத்திரையையும் குறைப்பதும், வேண்டிய அளவு தண்ணீர் குடிப்பதும்தான்.

இன்னொன்று, கூழாங்கல் பாதை. வெறுங்காலில் நடந்தால் நரம்புக்கு நல்லது என்று பண்ணையில் ஒரு பாதை போட்டிருக்கிறார்கள். நல்ல உடம்புக்காரர் நடக்கலாம். இனிப்பு நீர் உள்ளவர் நடக்கக் கூடாது. காலில் உணர்ச்சி குறைந்தவருக்குக் கல் குத்தியது தெரியாது. புண் வந்ததும் தெரியாது. ஈர மண்ணில் எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலும், மெலியோய்டோசிஸ் என்ற மண் கிருமிக் காய்ச்சலும் நம் நாட்டில் உண்டு. இரண்டாவது, இனிப்பு நீர்க்காரரைத்தான் அதிகம் தேடிப் பிடிக்கும். மண் வேலைக்குப் பூட்ஸும், காயத்துக்குக் கட்டும் கட்டாயம்.

வீட்டுக் கொல்லையில் செய்யக்கூடியது

அந்தப் பண்ணையின் நல்ல பாதியை 280 வெள்ளி இல்லாமல் நம் வீட்டுக்குக் கொண்டுவரலாம். நம் தாத்தா பாட்டி லயத்துக் கொல்லையில் முருங்கையும் கருவேப்பிலையும் கீரையும் போட்டுத்தானே நம்மை வளர்த்தார்கள்?

முதலில் இடத்தைப் பாருங்கள். பக்கத்துக் காட்டில் மருந்தடித்தால் காற்றில் வந்து விழும் இடம் வேண்டாம். வீட்டுச் சுவரோரம், வெயில் படும் பக்கம் நல்லது. நிலம் சந்தேகமாக இருந்தால் பழைய வாளி, அரிசிச் சாக்கு, பூந்தொட்டியில் போடுங்கள். மருந்து இருந்த கேனை மட்டும் எத்தனை முறை கழுவினாலும் செடிக்கோ தண்ணீருக்கோ எடுக்காதீர்கள். அதை மூன்று முறை அலசி ஓட்டை போட்டு ஸ்டோரில் ஒப்படைக்க வேண்டும்.

எருவுக்குக் காய்ந்த இலை மூன்று பங்கு, பச்சைக் கழிவு ஒரு பங்கு. பிழிந்த துணி போல ஈரம் இருக்கட்டும். வாரம் ஒரு முறை கிளறுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் கருப்பாக, மண் வாசனையோடு உதிரும். அதுதான் பக்குவம். இறைச்சி, எலும்பு போட்டால் எலி வரும். தொட்டியில் தண்ணீர் தேங்கினால் டெங்கிக் கொசு வரும்.

கீரையும் கங்கோங்கும் மூன்று நான்கு வாரத்தில் பறிக்கலாம். பயத்தங்காய்க்கு இரண்டு மாதம். முருங்கைக்கு ஒரு போத்து நட்டால் போதும். அவசர காலத்துக்குக்கூட வீட்டுப் பாத்தியில் களைக்கொல்லி அடிக்காதீர்கள், கையால் பிடுங்குங்கள். பசாரில் வாங்கும் காய்கறியை ஓடும் தண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். ஆர்கானிக் வாங்க முடியவில்லையே என்று காய்கறியையே விட்டுவிடாதீர்கள். கழுவிய சாதாரணக் கீரை, கீரையே இல்லாத தட்டைவிட நூறு மடங்கு மேல்.

நேரம் இல்லை என்பீர்கள். எனக்கும் தெரியும். காடு முடிந்து, குலை பொறுக்கி, பிள்ளை பார்த்து, சமைத்து முடித்த பெண்ணிடம் போய்த் தோட்டமும் போடம்மா என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆகவே ஆண்களைக் கேட்டுக்கொள்கிறேன். மண் கொத்துவதும் தண்ணீர் ஊற்றுவதும் உங்கள் வேலையாக இருக்கட்டும். பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு வாளி கொடுங்கள். தான் நட்ட கீரையைப் பிள்ளை மறுக்காமல் தின்னும்.

எங்களோடு வந்த பெண்களில் ஆறு பேர் இப்போது வீட்டின் பின்னால் பாத்தி போட்டிருக்கிறார்கள். அந்த அண்ணனும் இரண்டு வாளி வைத்திருக்கிறார். மாத்திரையையும் விடாமல், பசியாறிவிட்டு எடுத்துக்கொள்கிறார்.

குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளிக்குச் சோதனையும் மருந்தும் கிடைக்கிறது. நாற்பது வயதைத் தாண்டிவிட்டு இன்னும் ஒரு முறைகூட இரத்தம் சோதிக்காதவர்கள் இந்த மாதமே போய்ப் பாருங்கள். மருந்தடிக்கும் வேலையில் உள்ளவர்கள், உடம்பில் கோளாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு முறை தோட்டக் கிளினிக்குக்கு வாருங்கள். உங்கள் நகத்தையும் தோலையும் மூச்சையும் பார்த்துத் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஒன்று என்றால் உங்கள் கையில் ஒரு காகிதம் இருக்க வேண்டும்.